அந்தக் கோப்புகள் துறைகளுக்கு வரக்கூடாது: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்களுக்கும்,

கடந்த வாரம் எல்லாத் துறைகளுக்கும் வந்த சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. மாணவர் ஆலோசனை மையத்தில் பணியாற்றிவரும் இரண்டு உளவியல் ஆலோசகர்களின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நிதி இல்லாததால் இனிப் புதுப்பிக்கப்படாது என்பது முதலாவது. அவர்கள் செய்துவந்த வேலையை, ஒருநாள் பயிலரங்கில் பயிற்சி பெற்ற மென்டர் ஆசிரியர்களே (ஆளுக்கொரு மாணவர் குழுவைக் கவனிக்கும் வழிகாட்டி ஆசிரியர்கள்) இனிக் கவனித்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது. மையத்தில் உள்ள மாணவர் கோப்புகள் ‘தொடர் நடவடிக்கைக்காக’ அந்தந்தத் துறைத்தலைவர்களிடம் ஒப்படைக்கப்படும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் தவறான முடிவுகள். ஆனாலும் பின்னால் திருத்திக்கொள்ள வழி உண்டு. மூன்றாவதை ஒருமுறை செய்துவிட்டால் திருத்தவே முடியாது, ஏனெனில் ஒருவர் படித்துவிட்டதைப் படிக்காததாக ஆக்க எந்த ஆணையாலும் இயலாது. அதனால்தான் துறை வழியாக விளக்கம் கேட்டுக் காத்திருக்காமல் வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் வேதியியல் துறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றும் இணைப் பேராசிரியர். துறையின் மென்டர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் பயிலரங்கில் நானும் இருந்தேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி, மதிய உணவுக்குப் பின் பாதி நாற்காலிகள் காலியாகி, நான்கு மணிக்குக் குழுப்படத்தோடு முடிந்தது. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்திருந்தது. பயிற்சி அளித்தவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் நன்றாகவே பேசினார். திரும்பத் திரும்ப அவர் சொன்னது இதுதான்: மாணவரிடம் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள், ஆலோசகரிடம் அனுப்பிவையுங்கள். கவனிக்கிறோம், கேட்கிறோம். ஆனால் யாரிடம் அனுப்புவது என்ற கேள்விக்கான விடையைத்தான் உங்கள் சுற்றறிக்கை அழித்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் அமிலம் கண்ணில் தெறித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதை முதல் பருவ மாணவருக்கும் சொல்லித்தந்திருக்கிறேன். அந்த முதலுதவி எனக்குத் தெரியும் என்பதற்காக, ‘இனிக் கண் மருத்துவர் தேவையில்லை, பேராசிரியரே பார்த்துக்கொள்வார்’ என்று எவரும் ஆணை பிறப்பிக்கமாட்டார்கள். மனத்தின் விஷயத்தில் மட்டும் அது எப்படிச் சாத்தியமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆலோசனை மையம் எங்கே இருக்கிறது என்பதை ஆட்சிமன்றக் குழுவில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், உதவித்தொகைப் பிரிவுக்கும் ஜெராக்ஸ் எடுக்கும் இடத்துக்கும் நடுவில், கூரை வரை எட்டாத பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி. ஆலோசகர்களில் மூத்தவர், மழைக்காலக் குளிரிலும் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டிருப்பார். மேசையில் உள்ள காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லையும் ஸ்டேப்ளரையும் வைத்திருப்பார். ஒருமுறை காரணம் கேட்டேன். “உள்ள பேசறது வெளிய கேக்கக் கூடாது மேடம், அதுக்குத்தான்” என்றார். ரகசியம் காக்கப் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்திருந்த ஒரே சாதனம் அந்த மின்விசிறியின் சத்தம்தான்.

வாசலில் ஒரு பதிவேடு உண்டு. தணிக்கைக்குத் தேவை என்று அலுவலகம் வைத்தது. பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம் என்று கட்டங்கள். துறைவாரியான எண்ணிக்கை கேட்டு நிர்வாகம் கடிதம் அனுப்பியபோது, ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அதைப் புரட்டினேன். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை தலைவலி, தலைவலி, போனஃபைடு, தலைவலி, உதவித்தொகை விவரம், தலைவலி என்றே இருந்தது. தங்கள் பெயரை யார் யார் படிப்பார்கள் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் கிடக்கும் பதிவேட்டிலேயே இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவர்கள், உள்ளே அந்த மின்விசிறிச் சத்தத்தை நம்பிச் சொன்னவை எல்லாம் அந்த இரும்பு அலமாரியில் இருக்கின்றன. அதைத்தான் பெட்டிகளில் கட்டி எங்கள் துறைக்கு அனுப்பப் போகிறீர்கள்.

ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். நல்லெண்ணம் உள்ள ஆசிரியர் கையிலும் இது எப்படித் தவறாகப் போகும் என்பதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடும் அவருடைய அடையாளங்களை மாற்றியும் சொல்கிறேன்.

என் மென்டர் குழுவில் ஒரு மாணவர் இருந்தார். தென்மாவட்டத்துச் சிற்றூர், தமிழ்வழிப் பள்ளிப் படிப்பு, முதல் பட்டதாரிச் சான்றிதழோடு சேர்ந்தவர். அந்தச் சான்றிதழ் கட்டணத்தைக் குறைக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் ஒரே பையன் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது என்பதற்கான அத்தாட்சியும் அதுதான். மூன்றாம் பருவத்தில் அவருக்கு மூன்று அரியர் விழுந்தது. வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே போயிற்று. வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் கண்டோனேஷன் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தவர், படிவத்தை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார். “ஒன்பது நாளா தூக்கமே வரல மேடம்” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், “மனசைத் தளரவிடாதப்பா, எல்லாம் சரியாயிடும், அரியரை அடுத்த தடவை எடுத்துடலாம்” என்றேன். அவர் பேசியது தூக்கத்தைப் பற்றி. நான் பேசியது அரியரைப் பற்றி. மறுநாள் துறைக்கூட்டத்தில், அக்கறையோடுதான், அவர் பெயரைச் சொல்லி எல்லாரும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். துறைத்தலைவரின் யோசனைப்படி அவருடைய தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் இரவுப் பேருந்தில் கிளம்பி, காலை ஒன்பது மணிக்கெல்லாம் மஞ்சள் பையோடு துறை வாசலில் நின்றார். என் மேசைக்கு எதிரிலேயே மகனைப் பார்த்து, “உனக்கு என்னடா குறை வெச்சோம்?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே விடை தெரியாமல் கேட்டார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆய்வக வகுப்பில் நான் அவர் மேசைப் பக்கம் போனால் பியூரெட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்டர்னல் மதிப்பெண் போடுகிற கை என்னுடையது. அவர் சொன்னதை நான்கு பேரிடம் சொன்ன வாயும் என்னுடையதே. அவர் என்னை மீண்டும் நம்ப என்ன காரணம் இருந்தது?

அவரை மீட்டெடுத்தவர் அந்த மின்விசிறி அறையில் இருந்த ஆலோசகர்தான். விடுதி அறைத்தோழர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். முதல் சந்திப்பிலேயே ஆலோசகர், “உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதா?” என்று நேரடியாகக் கேட்டாராம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நான் நம்பியிருந்தேன். எங்களில் பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது தவறு, கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, பலருக்கு அதுவே முதன்முறையாகப் பேச ஒரு வாசல் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். தான் எங்கே நிறுத்திக்கொண்டு மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கீழ்ப்பாக்கம் என்றதும் மாணவர் எழுந்துவிட்டார். 1794இல் தொடங்கிய பழைமையான மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாகவே பயன்படுத்திப் பழகிய நகரம் இது. அவர் எழுந்ததில் வியப்பில்லை. ஆலோசகர் வற்புறுத்தவில்லை. அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை கூடவே போய், சீட்டு வாங்கும் வரிசையிலும் நின்றார். மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்பதை வாராவாரம் சொல்லி, அந்த வாரங்களைக் கடக்கவைத்தார். தந்தையிடம் பேசுவதற்கு மாணவரின் ஒப்புதல் கேட்டு, அவர் சரி என்ற பிறகே பேசினார். நான் செய்ததும் தொலைபேசி அழைப்புத்தான், அவர் செய்ததும் அதேதான். ஆனால் அவருடைய அழைப்பு மாணவரின் சம்மதத்தோடு போயிற்று.

அந்த மாணவர் படித்து முடித்துவிட்டார், இன்று வேலையில் இருக்கிறார். கடைசி அரியரை இரண்டு ஆண்டு கழித்துத்தான் முடித்தார். அவருடைய கோப்பும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. துறைத்தலைவர் மேசைக்கு அது போகப்போகிறது என்று சொன்னபோது, அவர் என்னிடம் கேட்டது: “அதுல எங்க அம்மாவப் பத்தியும் சொல்லியிருக்கேனே மேடம், அதையுமா படிப்பாங்க?”

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பதிவாளர் அலுவலகம் பார்த்ததா என்று அறிய விரும்புகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23இல், மனநலம் பற்றிய தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை மனநோய் உள்ளவரின் உரிமையாக ஆக்குகிறது. சிகிச்சை தருவோர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது அந்த விதிவிலக்குகளில் இல்லை. இதே சட்டத்தின் பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவர் மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக்கூடாது என்கிறது. பயிலரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர், “இப்படி ஒரு மாணவர் சொன்னால் முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும் அல்லவா?” என்று கேட்டார். அரங்கில் பலர் தலையாட்டினார்கள். இனி மாணவர்கள் தங்கள் மனத்தைத் திறந்து காட்ட வேண்டிய சபை இதுதான்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சென்ற பதினேழு வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று அந்த நீதிமன்றம் நாட்டின் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பதினைந்து வழிகாட்டுதல்களைத் தந்தது. சட்டம் இயற்றப்படும்வரை அவை நம்மைக் கட்டுப்படுத்தும். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நமக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்களுக்கும் பிற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. அதைத்தான் நம் சுற்றறிக்கை பயிலரங்கின் ஆதாரமாகக் காட்டுகிறது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து மென்டர்களையோ ஆலோசகர்களையோ அமர்த்த வேண்டும் என்ற வாசகமும் அதில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஆலோசகரை நியமித்த பிறகு கூடுதலாகச் செய்ய வேண்டியது. அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் எங்களை நிறுத்துவதற்கான அனுமதி அல்ல. மேலும், ஆலோசனை தொடர்பான பதிவுகளை அடையாளம் நீக்கி வைத்து ஆண்டறிக்கை தர வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் வழி. பெயரோடும் பதிவு எண்ணோடும் துறைக்குத் துறை பிரித்துக் கொடுப்பது அதற்கு நேர்மாறானது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. தேர்வுத் தோல்வி காரணம் என்று பதிவானவை 2,248. எஞ்சியவை எவற்றால் என்று ஒரு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எந்த மென்டரும் சொல்லிவிட முடியாது. வீட்டுக் கடன், காதல், சாதி, உடல் பற்றிய அவமானம், விடுதியில் நடப்பவை, யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் தொல்லை என்று மாணவர்கள் சுமப்பவற்றின் பட்டியல் நீளமானது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய துயரத்துக்கு ஆய்வு நெறியாளரே காரணமாக இருக்கும்போது, அவருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும், அவரோடு தேநீர் குடிக்கும், அவர் கையெழுத்தில் தன் விடுப்புக்கு ஒப்புதல் வாங்கும் இன்னொரு ஆசிரியரிடம் போய் அவர்கள் எதைச் சொல்வார்கள்?

இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண் எந்நேரமும் இயங்குகிறது. அது ஒவ்வொரு விடுதித் தளத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சென்னையிலேயே 1986 முதல் ஸ்னேகா அமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டு இதே வேலையைச் செய்துவருகிறது. இரண்டும் தேவை. ஆனால் நான்கு கட்டில் போட்ட விடுதி அறையில், மூன்று பேர் காதுபட, ஒரு மாணவி எந்த மூலையில் நின்று அந்த எண்ணை அழைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரால், நாளைக்குத் தேர்வு எழுத முடியாத ஒரு மாணவருக்காக நம் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் பேசவும் முடியாது. நம் வளாகத்துக்குள் இருக்கும் ஆலோசகரால் முடியும்; பலமுறை செய்திருக்கிறார்கள்.

நிதி இல்லை என்கிறீர்கள். ஒவ்வொரு பருவக் கட்டண ரசீதிலும் ‘மாணவர் நலன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தத் தொகை எதற்குச் செலவாகிறது என்று மாணவர்கள் கேட்டால் சொல்ல எனக்கு விடை இல்லை. பல்கலைக்கழக ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் சர்வதேச அமைப்பு ஒன்று, ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்பதை அளவாகச் சொல்கிறது. அதன்படி நமக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். இருந்தது இரண்டு பேர். அவர்களும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். கோடை விடுமுறையில் ஊதியமும் கிடையாது, மையமும் திறக்காது. தேர்வு முடிவுகள் வெளியாவது அந்த விடுமுறையில்தான் என்பதை யாராவது கவனித்தீர்களா? வகுப்பும் நண்பர்களும் இல்லாமல், ஊரில் தனியாக, செல்பேசித் திரையில் மாணவர் தன் அரியரைப் பார்க்கும் அந்த வாரத்தில் நம் மையத்தின் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

ஆகவே பின்வருவனவற்றைக் கோருகிறேன். கோப்புகளைத் துறைகளுக்கு அனுப்பும் பகுதியை இன்றே எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். நிரந்தர ஏற்பாடு ஆகும்வரை அந்த அலமாரி முத்திரையிடப்பட்டு, அதன் சாவி ஆலோசகர்களிடமே இருக்கட்டும். நிர்வாகத்தில் எவருக்கும், எனக்கும் உட்பட, அதைத் திறக்கும் உரிமை வேண்டாம். ஒவ்வொரு மாணவருக்கும், முன்னாள் மாணவருக்கும், தன் கோப்பு என்ன ஆகலாம் என்று சொல்லும் உரிமை தரப்படட்டும்.

இப்போதுள்ள இருவரின் ஒப்பந்தத்தையும் இடைவெளி இல்லாமல் நீட்டியுங்கள். அவர்களிடம் இன்னும் வாராவாரம் வந்துகொண்டிருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லி முடித்தவர் இன்னொருவரிடம் முதலிலிருந்து தொடங்கமாட்டார். நடப்புக் கல்வியாண்டு முடிவதற்குள் நான்கு ஆலோசகர் பணியிடங்களை, பன்னிரண்டு மாத ஊதியத்தோடு, ஒழுங்கான தேர்வு முறையில் நிரப்புவதற்கான தீர்மானத்தை ஆட்சிமன்றக் குழு நிறைவேற்ற வேண்டும். அவர்களில் ஒருவராவது முதுநிலைப் பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் பெற்ற மருத்துவ உளவியலாளராக இருக்க வேண்டும். துறைத்தலைவர்களுக்கோ விடுதிக் காப்பாளர்களுக்கோ கீழே இல்லாமல், அவர்கள் நேரடியாக உங்கள் அலுவலகத்தின் கீழ் இயங்கட்டும். வாசலில் உள்ள பதிவேடு அகற்றப்பட்டு, மையம் கூரை வரை சுவர் உள்ள ஓர் அறைக்கு, வேறு கட்டடத்தில், மாற்றப்பட வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் அது திறந்திருக்க வேண்டும், தொலைபேசி வழியாகவாவது.

மென்டர்களாகிய எங்களுக்குப் பயிற்சி தொடரட்டும். வரத் தயாராக இருக்கிறோம். எங்கள் வேலை கவனிப்பதும் அனுப்பிவைப்பதும் என்று ஆணையில் தெளிவாக எழுதுங்கள். மாணவர் நலன் கட்டணத்தின் மூன்றாண்டு வரவு செலவையும் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடுங்கள்.

சுற்றறிக்கையின்படி வரும் வெள்ளிக்கிழமை எங்கள் துறைக்கான கோப்புகள் வந்து சேர வேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் பெற்றுக்கொண்டதற்கு நான் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நான் போடமாட்டேன். அதற்காக என் மீது நடவடிக்கை எடுப்பதானால், காரணம் கேட்கும் குறிப்பாணைக்கு இந்த மடலையே என் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இணைப் பேராசிரியர், வேதியியல் துறை
சென்னை